கழுத்து முள்ளெலும்பு இடம்பெயர்ந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விபத்தில் கழுத்து முள்ளெலும்பு விலகியவர்களின் வீட்டார், அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தொடங்கி வீடு திரும்பிய பிறகுவரை கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வயதானால் வரும் கழுத்துத் தேய்மானம், கணினி முன் குனிந்திருப்பதால் வரும் வலி ஆகியவற்றுக்கும் இந்தப் பக்கத்துக்கும் தொடர்பில்லை.

கழுத்தெலும்பு விலகிவிட்டது என்கிறார் டாக்டர். சுளுக்கு மாதிரித்தானே? தடவிவிட்டால் சரியாகாதா?

ஆகாது. தடவவே கூடாது.

கழுத்தில் 7 முள்ளெலும்புகள் இருக்கின்றன. மேலே உள்ள இரண்டும் அமைப்பில் தனி வகை. மூன்றாவதிலிருந்து ஏழாவதுவரை உள்ளவை ஏறக்குறைய ஒரே வார்ப்பு. இவற்றின் பின்புறத்தில் வலமும் இடமுமாகச் சிறு மூட்டுகள் உண்டு. கூரையில் ஓட்டின்மேல் ஓடு படிந்திருப்பதைப் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்வாகப் படிந்திருக்கும். தலை மிகுந்த வேகத்தோடு முன்பக்கம் மடங்கும்போது, பின்னால் இழுத்துப் பிடித்திருக்கும் தசைநார்கள் கிழிந்து, மேல் எலும்பின் மூட்டு கீழ் எலும்பின் மூட்டைத் தாண்டி முன்னால் போய் மாட்டிக்கொள்கிறது. ஒரு பக்கம் மட்டும் மாட்டினால், மேல் எலும்பு தன் அகலத்தில் கால் பங்கு அளவுக்கு முன்னால் நகர்ந்திருக்கும். இரு பக்கமும் மாட்டினால் பாதி அல்லது அதற்கும் மேல். ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் இடையிலும், ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் இடையிலும்தான் இது பெரும்பாலும் நேர்கிறது.

நமக்குக் கவலை எலும்பைப் பற்றியதல்ல. இந்த எலும்புகளின் நடுவே ஓடும் குழாயில் தண்டுவடம் இருக்கிறது. விரல் பருமன்கூட இல்லாத அந்த நரம்புத் தண்டின் வழியாகத்தான் கை, கால், மூச்சு, சிறுநீர் எல்லாவற்றுக்குமான கட்டளைகள் போகின்றன. குழாய் பாதியாகக் குறுகும்போது அது நசுங்குகிறது. இனி வரும் பதில்கள் எல்லாம் அந்த நசுங்கலை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு பத்திரமாக நீக்குவது என்பதைப் பற்றியவை.

யாருக்கெல்லாம் இது நேர்கிறது?

இருசக்கர வாகன விபத்துகளிலும் கார் விபத்துகளிலும் சிக்குபவர்கள். தென்னை, பனை, கட்டடச் சாரம், மொட்டை மாடி ஆகியவற்றிலிருந்து விழுபவர்கள். தலையில் பாரம் சுமந்துகொண்டே இடறி விழும் தொழிலாளிகள். ஆழம் தெரியாத கிணற்றிலோ ஆற்றிலோ தலைகீழாகப் பாயும் இளைஞர்களும் உண்டு. அவர்களுக்கு எலும்பு விலகுவதைவிட நொறுங்குவதே அதிகம், ஆனால் தண்டுவடத்துக்கு நேரும் கதி ஒன்றுதான். வண்டிச் சக்கரத்தில் துப்பட்டாவோ சேலைத் தலைப்போ சிக்கிக் கழுத்து முறிவதும் நம் நாட்டில் நேரும் ஒரு விபத்து. ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டால் தவிர்த்துவிடலாம்.

விபத்து நடந்த இடத்தில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலில் மூச்சு, அடுத்தது கழுத்து, மற்றதெல்லாம் பிறகு.

அடிபட்டவர் மூச்சு விடுகிறாரா என்று பாருங்கள். வாயில் ரத்தமோ மணலோ இருந்தால் துடைத்து எடுங்கள். 108-க்கு ஒருவர் அழைக்கட்டும். இன்னொருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரு கைகளாலும் தலையின் இரு பக்கமும் பிடித்துக்கொள்ள வேண்டும். இழுக்க வேண்டாம், திருப்ப வேண்டாம், அசையாமல் வைத்திருந்தால் போதும். கழுத்து கோணலாக இருந்து, நேராக்க முயலும்போது வலியோ தடையோ தெரிந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். எதிர்பார்ப்பதைவிட அதிக நேரம் அப்படிப் பிடித்திருக்க வேண்டியிருக்கும். கை வலித்தால் ஆள் மாறுங்கள்.

நம் ஊரில் நடக்கும் பெரிய கேடு தூக்கும் விதத்தில் இருக்கிறது. ஒருவர் அக்குளில் கை கொடுக்க, இன்னொருவர் காலைப் பிடிக்க, தலை தொங்கத் தொங்க ஆட்டோவுக்குள் மடக்கித் திணிப்பார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் விபத்தில் பாதி தப்பிய தண்டுவடம் அந்த ஆட்டோவில் முழுவதும் போய்விடலாம். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் நான்கைந்து பேர் சேர்ந்து, தலையைப் பிடித்திருப்பவரின் சொல்லுக்கு ஒரே நேரத்தில், உடலைக் கட்டை போல ஒரே நேராகத் திருப்பிப் பலகையின்மேல் கிடத்துங்கள். ஒரு கதவுப் பலகை போதும். தலையின் இரு பக்கமும் மணல் பையோ சுருட்டிய துணியோ வையுங்கள். வாந்தி எடுத்தால், கழுத்தை மட்டும் திருப்பாமல் முழு உடலையும் சேர்த்துப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும்.

ஹெல்மெட்டைத் தனியாளாகக் கழற்றாதீர்கள். மூச்சுக்கு இடைஞ்சல் இருந்தால் மட்டும், ஒருவர் கீழிருந்து கழுத்தையும் தாடையையும் தாங்க, மற்றவர் இரு பக்கமும் விரித்து மெல்ல எடுக்கலாம். தண்ணீர் கொடுக்க வேண்டாம்.

உதவினால் போலீஸ் தொல்லை வருமோ என்று ஒதுங்குபவர்களுக்கு: 2019-இன் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம், நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு வழக்குகளிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. பெயரைச் சொல்லும்படிகூட உங்களை வற்புறுத்த முடியாது.

எந்த மருத்துவமனைக்குப் போவது?

பக்கத்தில் இருப்பது என்பதைவிட, சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களும் தீவிர சிகிச்சைப் பிரிவும் முதுகெலும்பு அறுவை நிபுணரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம். மூச்சோ ரத்த அழுத்தமோ தள்ளாடினால் மட்டும் வழியில் உள்ள மருத்துவமனையில் அதைச் சீர்செய்துவிட்டுப் போக வேண்டும். மூன்று மருத்துவமனைகளில் ஏறி இறங்கி நான்காவதில் சேர்வதில்தான் பொன்னான மணிநேரங்கள் கரைகின்றன. தமிழ்நாட்டில் சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, அதில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிப் பெறலாம். சேர்க்கும்போதே கேளுங்கள்.

என் தம்பி நடந்தே வந்தான். கை கால் எல்லாம் அசைகிறது. எதற்காகக் காலர் மாட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள்?

ஒரு பக்க மூட்டு மட்டும் மாட்டியவர்கள் நடந்து வருவது உண்டு. கழுத்து வலி, ஒரு கையில் மின்சாரம் பாய்வது போன்ற கூச்சம், இவ்வளவுதான் இருக்கும். அவர்கள்தான் மிகவும் கவனிக்கப்பட வேண்டியவர்கள், ஏனென்றால் இழப்பதற்கு அவர்களிடம் எல்லாமே இருக்கிறது.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு, வாரங்கள் கழித்து விலகலோடு வருபவர்களும் இருக்கிறார்கள். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் தோள்பட்டை மறைப்பதால் ஏழாவது எலும்பு தெரியாமல் போகும். பலமான அடிக்குப் பிறகு கழுத்து வலி இருந்தால், "ஏழாவது எலும்புவரை தெரிகிறதா?" என்று மருத்துவரைக் கேட்பதில் தவறே இல்லை. தெரியவில்லை என்றால் சி.டி. எடுக்க வேண்டும்.

வெளியே ரத்தமே போகவில்லை. ரத்த அழுத்தம் ஏன் இறங்கியது?

ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும் கட்டளையும் தண்டுவடம் வழியாகத்தான் போகிறது. அது அறுபட்டால் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் இறங்கும். நாடித் துடிப்பும் வேகம் குறையும். வயிற்றிலோ மார்பிலோ உள்ளே ரத்தம் கசிந்தால் நாடி வேகமாக ஓடும். இந்த வேறுபாடு ஒரு துப்பு மட்டுமே; இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம் என்பதால் வயிற்றையும் ஸ்கேன் செய்து பார்ப்பார்கள்.

அழுத்தத்தை ஏற்றிப் பிடிப்பதும் தண்டுவடத்துக்கான சிகிச்சைதான். நசுங்கிய நரம்புத் திசுவுக்கு ரத்த ஓட்டமும் குறைந்தால் இரண்டாவது அடி விழுந்ததாகிவிடும். சராசரி ரத்த அழுத்தத்தை முதல் ஏழு நாட்கள்வரை 85 முதல் 90 என்ற அளவில் வைத்திருப்பது நெடுநாள் வழக்கம். இப்போது மருத்துவமனைக்கு மருத்துவமனை அந்த இலக்கு சற்று மாறுகிறது.

தலையில் ஊசி இறக்கி எடை கட்டித் தொங்கவிடப் போகிறார்களாம். கேட்கவே பயமாக இருக்கிறது.

பார்க்கவும் பயமாகத்தான் இருக்கும். ஆனால் மாட்டிக்கொண்ட மூட்டை விடுவிக்க, கத்தி வைக்காமல் செய்யக்கூடிய மிக விரைவான வழி இதுதான். பழைய முறை என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. 1933-இல் அமெரிக்க அறுவை நிபுணர் கிரட்ச்ஃபீல்டு மண்டையோட்டில் துளையிட்டுப் பொருத்தும் இடுக்கியை அறிமுகப்படுத்தினார். இன்று பரவலாகப் பயன்படும் கார்ட்னர்–வெல்ஸ் இடுக்கிக்குத் துளையே வேண்டாம். காது மடலுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, இரு பக்கமும் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, கூர்முனைத் திருகுகளை இறுக்குவார்கள். அவை மண்டையோட்டின் வெளிப்புற அடுக்கில் மட்டுமே பதியும்; மூளையைத் தொடாது.

நோயாளி விழித்திருக்க வேண்டும். இந்த முறையின் உயிர்நாடியே அதுதான். மயக்க மருந்து ஏன் கொடுப்பதில்லை என்று வீட்டார் கோபப்படுவதுண்டு. எடை கூடும் ஒவ்வொரு கட்டத்திலும் "விரலை அசை, காலை அழுத்து, கூச்சம் கூடுகிறதா சொல்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நரம்புக்கு ஆபத்து என்பதை எந்த இயந்திரத்துக்கும் முன்னதாகச் சொல்லக்கூடியவர் அவர்தான். வலிக்கும் தசை இறுக்கத்துக்கும் மட்டும் மருந்து தருவார்கள்.

நான்கைந்து கிலோவில் தொடங்குவார்கள். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டிலிருந்து நான்கைந்து கிலோவரை கூட்டி, ஒவ்வொரு முறையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். எலும்புகளுக்கு இடையே இடைவெளி அளவுக்கு மீறித் தெரிந்தாலோ, கை கால் பலம் குறைந்தாலோ உடனே எடை இறங்கிவிடும். மூட்டு விடுபட்டு இடத்தில் அமர்ந்ததும் எடையைக் குறைத்து, அந்த நிலையில் நிறுத்தி வைப்பார்கள். பாதியில் எந்த மாற்றமும் இல்லாமல் நேரம் ஓடுவதும் உண்டு. அப்போது அறுவை சிகிச்சை அரங்குதான்.

எம்.ஆர்.ஐ. எடுக்காமல் இழுப்பது ஆபத்து என்று இன்னொரு டாக்டர் சொல்கிறாரே?

இருவரிடமும் நியாயம் இருக்கிறது. எலும்போடு சேர்ந்து, இரு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் இடைவட்டும் (டிஸ்க்) கிழிந்து பின்னால் பிதுங்கியிருக்கலாம். எலும்பை இடத்துக்கு இழுக்கும்போது அந்தத் துண்டு தண்டுவடத்தின்மேல் அழுந்தக்கூடும். 1990-களின் தொடக்கத்தில் இப்படிச் சில நோயாளிகள் மோசமானதாக அறிக்கைகள் வந்த பிறகு, முதலில் எம்.ஆர்.ஐ. என்ற கட்சி வலுத்தது. மறு கட்சியின் வாதம்: ஸ்கேனுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தண்டுவடம் நசுங்கியே கிடக்கிறது. விழித்திருப்பவரிடம் மெல்ல மெல்ல எடை கூட்டினால், மோசமாகத் தொடங்கும்போதே நிறுத்திவிடலாம்.

நினைவில்லாதவருக்கும், குடிபோதையில் இருப்பவருக்கும், மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்யப்போகிறவருக்கும் முன்கூட்டியே எம்.ஆர்.ஐ. வேண்டும் என்பதில் பெரிய தகராறு இல்லை. விழித்திருந்து, கை கால் முழுவதும் செயலிழந்திருப்பவருக்கு உடனே இழுத்துச் சரிசெய்வதில் இழப்பைவிட லாபமே அதிகம் என்பது என் கருத்து. எம்.ஆர்.ஐ. அடுத்த அறையிலேயே இருந்தால் இந்த விவாதமே தேவையில்லை.

யாருக்கு இழுக்கவே கூடாது?

மண்டையோட்டுக்கும் முதல் கழுத்தெலும்புக்கும் இடையே விலகியவர்களுக்கு. அங்கே தசைநார்கள் முற்றிலும் அறுந்திருக்கும். இழுத்தால் மூளைத்தண்டே நீளும். இதில் பலர் விபத்து நடந்த இடத்திலேயே இறந்துவிடுவார்கள். பிழைத்து வருபவர்களில் குழந்தைகள் கணிசம், அவர்களின் தலை உடலை ஒப்பிடக் கனமானது என்பதால். அவர்களுக்கு மண்டையோட்டையும் கழுத்தெலும்புகளையும் கம்பி, திருகாணி கொண்டு இணைப்பதே சிகிச்சை.

மண்டையோட்டில் முறிவு இருப்பவர்களுக்கும் இடுக்கி ஆகாது. இன்னொரு கூட்டம், முதுகெலும்பு முழுவதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கூனாகிப்போன அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோயாளிகள். அவர்களுடைய கழுத்து விபத்துக்கு முன்பே முன்னால் வளைந்திருக்கும். விவரம் தெரியாமல் மல்லாக்கக் கிடத்தி நேராக்கினால் அந்த நொடியிலேயே கை கால் போகலாம். பழைய வளைவுக்கு ஏற்பத் தலையணை வைக்க வேண்டும். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், ஆம்புலன்ஸ் பணியாளரிடம் முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள்.

எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது. பிறகும் ஏன் அறுவை?

அதைப் பிடித்து வைக்கத் தசைநார் இல்லை. அவை கிழிந்துவிட்டன, இந்த அளவுக்குக் கிழிந்த தசைநார் எலும்பைப் போல உறுதியாக ஒன்றுசேராது. காலர் மட்டும் போட்டு அனுப்பினால் மறுபடி விலகும் வாய்ப்பு அதிகம். தலையைச் சுற்றி வளையமும் மார்பில் கவசமுமாகப் பொருத்தும் ஹாலோ, 1959-இல் கலிபோர்னியாவில் உருவானது. சில முறிவுகளுக்கு இன்றும் அது நல்ல கருவி. மூட்டு விலகலுக்கு அதை மட்டும் நம்புவது குறைந்துவிட்டது.

முன்பக்கம் தொண்டையின் ஓரமாகப் போய், கிழிந்த இடைவட்டை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துண்டையோ ஒரு சிறு கூண்டையோ வைத்துத் தகடு பொருத்துவது ஒரு வழி. வட்டு பிதுங்கியிருந்தால் இதுவே சரி. பின்பக்கம் திறந்து, மாட்டிய மூட்டை நேரில் பார்த்து விடுவித்துத் திருகாணி, கம்பி போடுவது இன்னொரு வழி. பிடிப்பு உறுதி, ஆனால் தசையைப் பிரிப்பதால் வலியும் காயத்தொற்றும் சற்று அதிகம். மோசமான விலகலுக்கு இரண்டும் தேவைப்படலாம். முன்பக்க அறுவைக்குப் பிறகு சில வாரங்கள் குரல் கம்முவதும் விழுங்கச் சிரமப்படுவதும் வழக்கம், பெரும்பாலும் சரியாகிவிடும். கழுத்து திடீரென வீங்கி மூச்சுத் திணறினால் மட்டும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் செவிலியரை அழைக்க வேண்டும்.

எவ்வளவு சீக்கிரம்?

முடிந்தால் 24 மணி நேரத்துக்குள். 2012-இல் வட அமெரிக்காவில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட 313 பேரை வைத்து வெளியான ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் தண்டுவடத்தின்மேல் இருந்த அழுத்தம் நீக்கப்பட்டவர்களில் 19.8 சதவீதம் பேர், உணர்வையும் அசைவையும் மதிப்பிடும் ஐந்து படிகளில் (கீழே சொல்கிறேன்) ஆறு மாதத்தில் இரண்டு படிகளோ அதற்கு மேலோ முன்னேறினார்கள்; தாமதித்தவர்களில் 8.8 சதவீதம். சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்ட ஆய்வு அல்ல என்ற குறை அதற்கு உண்டு. ஆனால் திசை தெளிவாக இருக்கிறது. "திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள்.

ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள்.

1990-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு மீதைல்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை அதிக அளவில் கொடுப்பது உலகமெங்கும் பழக்கமாயிற்று. கிடைத்த பலன் மிகச் சிறியது. நிமோனியா, குடலில் ரத்தக் கசிவு, தொற்று ஆகிய கேடுகளோ நிச்சயம். 2013-இல் அமெரிக்க நரம்பியல் அறுவை நிபுணர்களின் வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைப்பதில்லை என்றே சொன்னது. எட்டு மணி நேரத்துக்குள் வந்தவருக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். போடவில்லை என்பதற்காக மருத்துவரைக் குறை சொல்ல இடமில்லை.

கட்டு வைத்தியரிடம் மூன்று வாரம் இருந்துவிட்டு இப்போதுதான் வருகிறோம்.

கதவு மூடிவிடவில்லை, ஆனால் வேலை கடினமாகிவிட்டது. விலகிய மூட்டைச் சுற்றி வடுத்திசு இறுகிவிடும். எடை கட்டினாலும் சட்டென்று விடாது. சில நாட்கள் இழுவையில் வைத்துப் பார்ப்பார்கள். பிறகு முன்னும் பின்னும், சில வேளை மறுபடி முன்னுமாக ஒரே நாளில் அறுவை தேவைப்படும். கை முறிவுக்குக் கட்டு வைத்தியம் பார்ப்பது வேறு. கழுத்தில் சொடுக்கெடுப்பதை யாரும் மன்னிக்க முடியாது.

கை கால் திரும்ப வருமா?

முதல் நாளில் யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள், வரும் என்றாலும் சரி, வராது என்றாலும் சரி. அடிபட்ட உடன் தண்டுவடம் அதிர்ச்சியில் அடங்கிக் கிடக்கும். அது தெளிய நாட்கள், சில வாரங்கள்கூட ஆகலாம்.

ஆங்கில எழுத்துகளான ஏ முதல் இ வரை (A–E) ஐந்து படிகளில் மருத்துவர்கள் மதிப்பிடுவார்கள். ஏ என்றால் அடிமுனைவரை உணர்வும் அசைவும் இல்லை. இ என்றால் இயல்பு நிலை. ஆசனவாயில் விரல் வைத்துச் சோதிப்பதைப் பார்த்துச் சங்கடப்படாதீர்கள். அங்கே சிறிது உணர்வு இருந்தாலும் தண்டுவடம் முழுதும் அறுபடவில்லை என்று பொருள். மீட்சிக்கான வாய்ப்பு அங்கிருந்தே கணிக்கப்படுகிறது. முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் ஆறு மாதம் முதல் ஓராண்டில் நடக்கும். அதற்குப் பிறகும் மெல்ல நடப்பதுண்டு.

எந்த மட்டத்தில் அடி என்பது எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஐந்தாவது நரம்பு பிழைத்திருந்தால் முழங்கையை மடக்கலாம். ஆறாவது இருந்தால் மணிக்கட்டை நிமிர்த்தலாம். அப்படி நிமிர்த்தும்போது விரல்கள் தாமாகவே மடங்குவதைப் பயன்படுத்தி டம்ளர் பிடிக்கக் கற்றுத்தருவார்கள். ஏழாவது இருந்தால் முழங்கையை நீட்டலாம். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு உடலைத் தானே தூக்கி மாற்றிக்கொள்ளும் தெம்பு அதில் கிடைக்கிறது. ஒரே ஒரு மட்டம் கீழே இறங்கினாலும் ஒருவரின் நாள் எப்படிப் போகும் என்பது மாறிவிடும். மூச்சுத் தசையான உதரவிதானத்துக்கு மூன்று, நான்கு, ஐந்தாம் நரம்புகள் போகின்றன. அதற்கு மேல் அடி என்றால் வெண்டிலேட்டர் தேவைப்படும். கீழே என்றாலும் இருமும் பலம் குறைவதால் சளி தேங்கும்.

மறுவாழ்வுப் பயிற்சி எப்போது தொடங்கும்?

தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, மூட்டுகளை அசைப்பது, சளி எடுப்பது, காலில் ரத்தம் உறையாமல் மருந்து, பிறகு சிறுநீர்ப்பையைக் குழாய் விட்டுக் காலி செய்யக் கற்பது. படுக்கைப் புண் ஒன்று வந்தால் மாதங்கள் வீணாகும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் டாக்டர் மேரி வர்கீஸின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1954-இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரு கால்களும் செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சைகள் செய்தவர் அவர். தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இந்த இரண்டையும் நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அறுவைக்குச் செலவழித்துவிட்டு மறுவாழ்வுக்குக் கையில் காசில்லாமல் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள் பலர். கடன் வாங்குவதென்றால் பாதியை இதற்கு ஒதுக்கிவையுங்கள்.

ஸ்டெம் செல் போட்டால் எழுந்து நடப்பாராமே?

லட்சக்கணக்கில் பணம் கேட்பவரிடம் இது ஆய்வா, சிகிச்சையா என்று கேளுங்கள். ஆய்வு என்றால் பணம் வாங்கக் கூடாது. சிகிச்சை என்று சொல்லும் அளவுக்கு அது இன்னும் நிறுவப்படவில்லை.

தகடும் திருகாணியும் பிறகு எடுக்க வேண்டுமா? கழுத்தைத் திருப்ப முடியுமா?

தொந்தரவு தராதவரை எடுக்க வேண்டாம். டைட்டானியம் என்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். கழுத்தைத் திருப்புவதில் பாதி வேலையை முதல் இரண்டு எலும்புகளே செய்துவிடுகின்றன; அதனால் கீழே ஒரு மட்டத்தை இணைத்தால் பெரிதாகத் தெரியாது.

வீட்டுக்கு வந்துவிட்டோம். எதற்குப் பயப்பட வேண்டும்?

கோடைக்கு. அடிபட்ட மட்டத்துக்குக் கீழே வியர்க்காது. உடல் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். மே மாதத்தில் காய்ச்சல் என்று மாத்திரை கொடுப்பதற்கு முன், மின்விசிறியின் கீழே ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள்.

இன்னொன்று திடீர்த் தலைவலி. முகம் சிவந்து, நெற்றி வியர்த்து, நாடி மெதுவாகி, தலை வெடிப்பதுபோல் வலித்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறுகிறது என்று பொருள். பெரும்பாலும் காரணம் அடைத்துப்போன சிறுநீர்க் குழாய் அல்லது மலச்சிக்கல். உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். சரியாகாவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே பணியில் இருக்கும் இளம் மருத்துவர் இதை அதற்குமுன் பார்த்திராமல் இருக்கலாம். "இவருடைய வழக்கமான அழுத்தமே 100தான், 140 என்பது இவருக்கு மிக அதிகம், குழாய் அடைத்திருக்கலாம்" என்று நீங்களே சொல்லுங்கள்.